ஆணியும் காற்றும்

காலை எட்டு மணியளவில் பெங்களூருவின் எந்தச் சாலை முனையில் நின்றாலும் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். தந்தை மோட்டார் சைக்கிளை ஓட்டிவர, பின்னால் பிள்ளை அமர்ந்திருக்கும். பிள்ளையின் முதுகில் புத்தகப் பை. தந்தையின் கழுத்தில் அலுவலக அடையாள அட்டை. வண்டி, தந்தை, பிள்ளை, பை ஆகிய இத்தனையையும் சுமந்து ஓடுபவை இரண்டே டயர்கள். ஒவ்வொரு டயரும் ஒரு நேரத்தில் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். அந்த உள்ளங்கையை உறுதியாக ஊன்றி நிற்கச் செய்வது ரப்பர் மட்டும் அன்று. அதனுள் அடைபட்டிருக்கும் காற்று.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக இந்நகருக்கு வந்த பிள்ளைகள் சாலையோரக் கடைகளில் முதலில் கற்கும் கன்னடச் சொற்களுள் ஒன்று இந்தக் காற்றைக் குறிப்பதாகும். டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "காளி இல்ல" என்று கடைக்காரர் கூறும்போது, கோயிலில் இருக்கும் காளி டயருக்குள் எப்போது புகுந்தாள் என்று பிள்ளை திகைப்பதுண்டு. கன்னடத்தில் அச்சொல்லுக்குக் காற்று என்பது பொருள். முதலெழுத்தை மட்டும் சற்று அழுத்தி ஒலிப்பர். பழந்தமிழிலும் 'கால்' என்னும் சொல்லுக்குக் காற்று என்ற பொருள் உண்டு. ஆணியைக் கன்னடர் 'மொளெ' என்பர். மாட்டைக் கட்டுவதற்குத் தரையில் அடிக்கும் குச்சியைத் தமிழர் 'முளை' என்பர். கடையை அவர்கள் 'அங்கடி' என்றால் நம் நூல்கள் 'அங்காடி' என்கின்றன. ஆக, பஞ்சர் ஒட்டும் கடையின் வாசலில் கால் மணி நேரம் காத்திருக்க நேரும் தமிழ்ப் பிள்ளைக்கு அந்நேரம் வீணாவதில்லை.

பஞ்சர் ஒட்டுவதும் டயர் மாற்றுவதும் கடையில் செய்யும் வேலைகள் என்றே பெரும்பாலோர் எண்ணுவர். எனினும் அதனை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று முனைவோரும் உளர். கைபேசித் திரையில் எட்டு நிமிடங்களில் ஒருவர் டயரைக் கழற்றி, புதியதை மாட்டி, காற்றடித்து, புன்னகையும் புரிந்துவிடுகிறார். அதைக் கண்டபின் கூலி கொடுக்க யாருக்கு மனம் வரும்? அல்சூர் ஏரியிலிருந்து நடக்கும் தொலைவில் குடியிருக்கும் ஒரு தந்தைக்கும் மனம் வரவில்லை. தருமபுரிப் பக்கத்திலிருந்து வேலை தேடி இந்நகருக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் ஆனவர் அவர். ஏரிக்கரைச் சாலையில் 2009-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையைக் கடந்துதான் ஏழாம் வகுப்பு படிக்கும் மகளை நாள்தோறும் பள்ளிக்கு அழைத்துச் செல்வார். பின்சக்கர டயரின் பள்ளங்கள் தேய்ந்து, அடிப்பள்ளத்தில் இருக்கும் தேய்மான மேடு வெளியே தெரியத் தொடங்கியிருந்தது. ஜே.சி. சாலையில் புதிய டயர் ஒன்றை வாங்கி வந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் செய்தித்தாளை விரித்தார்.

முதல் இடையூறு அச்சின் முனையிலிருந்த நட்டிலேயே தொடங்கியது. பல மழைக்காலங்களைக் கண்ட நட்டு அது. கையால் திருகிப் பார்த்தார், அசையவில்லை. ஸ்பேனரின் மீது ஏறி மிதித்தார். நட்டு அசையவில்லை, வண்டி அசைந்தது. நடு ஸ்டாண்டிலிருந்து முன்னோக்கி உருண்ட வண்டி, துளசி மாடத்தை இடித்துச் சாய்ந்தது. மாடத்துக்குரிய பாட்டி உள்ளிருந்து வந்து பார்த்தார். ஒன்றும் கூறாமல் உள்ளே சென்றார். அந்த மௌனத்திற்குப் பிறகுதான் முன்சக்கர பிரேக்கின் கைப்பிடியைக் கயிற்றால் இழுத்துக் கட்ட வேண்டும் என்பது தந்தைக்குத் தோன்றியது. கட்டியபின், ஸ்பேனரின் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கி அழுத்த, நட்டு கிறீச்சிட்டுக் கொண்டு திரும்பியது. நெம்புகோலின் நீளம் கூடினால் வேண்டிய விசை குறையும் என்பது ஏழாம் வகுப்பு மாணவிக்கும் தெரிந்ததே. அவள் அதை எடுத்துச் சொல்லவும் செய்தாள்.

பிரேக் கம்பியின் முனையிலிருந்த திருகைக் கழற்றியபோது, அதனுள் இருந்த சுருள்வில் துள்ளி விழுந்தது. அதனோடு இருந்த சிறிய உருளை முள் சாக்கடை மூடியின் விளிம்பு வரை உருண்டு சென்று நின்றது. அங்கே அது நின்றது அவரது நல்லூழ். பின்னர் அச்சுத் தண்டை உருவினார். சக்கரம் கையோடு வந்தது. தண்டில் கோத்திருந்த உருளைகளும் வளையங்களும் கீழே உதிர்ந்தன. அவை எந்த வரிசையில் இருந்தன என்பதை அவர் கவனிக்கவில்லை. கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் செய்யும் முதல் வேலை, கழற்றிய உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே அதே அச்சுத் தண்டில் மீண்டும் கோத்து வைப்பதாகும். எட்டு நிமிடக் காட்சியில் அந்த முப்பது விநாடிகளை வெட்டி எறிந்திருந்தனர்.

வால்வின் உள்ளிருக்கும் சிறு ஊசியைத் திருகி எடுத்ததும் எஞ்சிய காற்று வெளியேறியது. ஆனால் டயரின் ஓரம் ரிம்மை விட்டு விலக மறுத்தது. டயரின் இரு ஓரங்களிலும் எஃகுக் கம்பிகள் வளையமாகப் பொதிந்துள்ளன. காற்றழுத்தம் அவற்றை ஆண்டுக்கணக்கில் ரிம்மின் விளிம்போடு அழுத்தி வைத்திருக்கும். துருவும் புழுதியும் பசைபோல் சேர்ந்துகொள்ளும். தந்தை அதன்மேல் ஏறிக் குதித்தார். மகளும் குதித்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, தம் வண்டியின் பக்கவாட்டு ஸ்டாண்டை அந்த ஓரத்தின்மீது ஊன்றி, வண்டியைச் சற்றே சாய்த்தார். 'டப்' என்ற ஓசையுடன் ஓரம் விடுபட்டது. இந்த உபாயம் எந்தக் கையேட்டிலும் அச்சிடப்பட்டிருக்காது. ஆயினும் இந்தியாவெங்கும் அறியப்பட்டது.

புதிய டயரை மாட்டும்போதுதான் உண்மையான சோதனை வந்தது. ரிம்மின் குறுக்குவெட்டைப் பார்த்தால் அதன் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்து, வாய்க்கால் போல் இருக்கும். டயரின் ஒரு பக்கத்து ஓரத்தை அந்த வாய்க்காலுக்குள் முழுமையாக அழுத்தி இறக்கினால், எதிர்ப்பக்கத்தில் தளர்வு கிடைக்கும். மீதியை அதிக விசையின்றி உள்ளே தள்ளிவிடலாம். கடைக்காரர் முழங்காலால் ஒரு பக்கத்தை அழுத்திக்கொண்டு மறுபக்கத்தை நெம்புவதன் காரணம் இதுவே. இதனை அறியாதவர், கடைசி ஒரு சாண் அளவு உள்ளே போக மறுக்கும்போது வலிமையை நம்புகிறார். வலிமை போதாதபோது பெரிய திருப்புளியை நம்புகிறார். திருப்புளியின் முனை கூர்மையானது. டயருக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் இருக்கிறது. டயர் உள்ளே சென்றது. காற்றடித்தபோது, மெல்லிய சீழ்க்கையொலி கேட்டது.

மீண்டும் கழற்றினார். டியூபை வாளி நீரில் அமிழ்த்தியபோது, அருகருகே இரண்டு இடங்களிலிருந்து குமிழிகள் எழுந்தன, பாம்பு கடித்த தடம்போல. உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி, ஒட்டுத்துண்டை உடனே ஒட்டினார். சொலூஷன் தடவியபின் அதன் ஈரம் உலர்ந்து, விரலால் தொட்டால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதம் வரும் வரை காத்திருக்க வேண்டும். பாகு பதம் தெரிந்த பாட்டி அருகில் இருந்திருந்தால் சொல்லியிருப்பார். துளசி மாடத்து நிகழ்ச்சிக்குப்பின் அவர் வெளியே வரவில்லை. ஒட்டு அரை மணி நேரத்தில் விளிம்பு தூக்கியது. பிற்பகலில் புதிய டியூப் ஒன்று வாங்கிவரப்பட்டது. இருட்டும் வேளையில் டயர் மாட்டி, காற்றும் நின்றது. கைபேசியின் ஒளியில் பெருமிதத்தோடு சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தபோது, டயரின் பக்கவாட்டில் பொறித்திருந்த அம்புக்குறி வண்டியின் பின்புறத்தை நோக்கி ஓடுவதைக் கண்டார். சக்கரம் சுழல வேண்டிய திசையைக் காட்டும் குறி அது. மழைநீரை வெளித்தள்ளும் பள்ளங்கள் அத்திசைக்கேற்பவே அமைக்கப்பட்டிருக்கும். மூன்றாம் முறையும் கழற்றினார்.

இரவு ஒன்பதரைக்கு வேலை முடிந்தது. கைகளைச் சோப்பால் கழுவிக்கொண்டிருந்தவரிடம், செய்தித்தாளைச் சுருட்டிக்கொண்டிருந்த மகள் வந்தாள்.

"அப்பா, இந்த நட்டு எங்கே போட வேண்டியது?"

"அது பழையது பாப்பா. மிச்சமாக இருக்கும்."

"வண்டியில் மிச்சமாக எப்படி இருக்கும்?"

தந்தை விடை கூறவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். காலையில் அவள் சீருடை அணிந்து, பையை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்றாள், வண்டியில் ஏறவில்லை. கையில் அந்த நட்டு இருந்தது. "இது எங்கேயென்று சொன்னால் ஏறுகிறேன்" என்றாள். பள்ளிக்கு நேரமாகிறது என்று அவர் கடிந்துகொண்டார். அவள் அழுதாளே தவிர ஏறவில்லை. எரிச்சலோடு குனிந்து பார்த்தவர், பின்சக்கரத்தின் பிரேக் தட்டையும் வண்டியின் சட்டத்தையும் பிணைக்கும் இரும்புப் பட்டையைக் கண்டார். அதன் ஒரு முனையில் திருகாணி வெறுமனே செருகப்பட்டிருந்தது. பிடித்து நிறுத்தும் நட்டு அங்கே இல்லை.

சிறிய பட்டைதான், அதன் பணியோ பெரிது. பிரேக்கை மிதிக்கும்போது, உள்ளிருக்கும் பிரேக் கட்டைகள் விரிந்து சுழலும் சக்கரத்தைப் பற்றும். சக்கரம் அவற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு சுழல முயலும். அப்படிச் சுழன்றுவிடாமல் தடுத்துப் பிடித்திருப்பது அந்தப் பட்டை. அது கழன்றால் பிரேக் தட்டு முழுவதும் சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும். பிரேக் கம்பி முறுக்கிக்கொள்ளும். சக்கரம் ஓடும்போதே இறுகிப் பூட்டிக்கொள்ளவும் கூடும். ஏரிக்கரைச் சாலையின் காலை நெரிசலில், பின்னால் மாநகரப் பேருந்து வந்துகொண்டிருக்கையில் அது நிகழ்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைத் தந்தை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். படியில் சிறிது நேரம் அமர்ந்துவிட்டார். பின் நட்டைப் பூட்டினார். அது தானே கழன்றுவிடாமல் இருக்க அதன் துளையில் செருகும் பிளவு முள்ளையும் தேடியெடுத்துச் செருகி, முனைகளை வளைத்தார். தேரின் சக்கரம் அச்சை விட்டுக் கழலாதிருக்க நம் முன்னோர் இட்ட கடையாணியின் பேரப்பிள்ளை அது. அன்று மகள் பள்ளிக்குத் தாமதமாகச் சென்றாள். அலுவலகத்தில் தந்தைக்கும் அரைநாள் விடுப்பு கழிந்தது. கடைக்கூலியைவிட அது அதிகம் என்பதைப் பாட்டி கணக்கிட்டுச் சொன்னார்.

டயரோடு போராடித் தோற்றவர் வரிசை மிக நீண்டது. அவ்வரிசையின் முன்னணியில் புகழ்பெற்றோர் பலர் நிற்கின்றனர். ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்து இளைஞர் 1845-ஆம் ஆண்டிலேயே காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். தோலுறைக்குள் காற்றுப் பையை வைத்துக் குதிரை வண்டிச் சக்கரங்களுக்கு அணிவித்தார். செய்வதற்குச் செலவு மிகுதி. உலகம் அதை மறந்துவிட்டது. அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்தவர் ஜான் பாய்ட் டன்லப். கருங்கல் பாவிய தெருக்களில் மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டிய தம் சிறுவன் மகன் படும் குலுக்கலைப் போக்க 1887-ஆம் ஆண்டில் அவர் முயன்றார். மெல்லிய ரப்பர்த் தகட்டைக் குழாயாக்கி, மரவட்டு ஒன்றைச் சுற்றிப் பொருத்தி, காற்றடைத்தார். முற்றத்தில் அதையும் பழைய கெட்டி ரப்பர்ச் சக்கரத்தையும் உருட்டிவிட்டார். பழையது பாதி வழியில் சாய்ந்தது. புதியது முற்றத்தைக் கடந்து மறுமுனையில் மோதித் திரும்பியது. 1888-இல் அவர் பெற்ற காப்புரிமை, தாம்சன் முன்னரே பெற்றிருந்த காரணத்தால் பின்னர்ச் செல்லாமற் போயிற்று. ஆயினும் பெயர் டன்லப்புக்கே நிலைத்தது. முதலில் கண்டவரைவிட வேண்டிய காலத்தில் கண்டவரையே உலகம் நினைவில் கொள்கிறது. அது நியாயமா என்பது வேறு கேள்வி.

டன்லப்பின் டயரில் ஒரு குறை இருந்தது. அதைச் சக்கரத்தோடு பசையிட்டு ஒட்டியிருந்தனர். 1889-ஆம் ஆண்டில் பிரான்சின் கிளெர்மோன்-பெராண் நகரில் ரப்பர்ப் பொருள் செய்யும் மிஷெலின் சகோதரர்களின் ஆலைக்கு, பஞ்சரான மிதிவண்டியோடு ஒருவர் வந்து சேர்ந்தார். டயரைப் பிரித்து ஓட்டையை அடைக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. பசை காய இரவு முழுவதும் வைக்க வேண்டியிருந்தது. மறுநாள் காலை எதுவார் மிஷெலின் அவ்வண்டியில் ஏறி முற்றத்தைச் சுற்றினார். சில நூறு மீட்டர் செல்வதற்குள் காற்று இறங்கிவிட்டது. அல்சூர்த் தந்தை அங்கே இருந்திருந்தால் அவர் தோளைத் தட்டிக் கொடுத்திருப்பார். ஆனால் காற்றின்மேல் மிதந்து சென்ற அந்தச் சில நூறு மீட்டர் இன்பத்தை மிஷெலின் மறக்கவில்லை. எளிதில் கழற்றி மாட்டக்கூடிய டயரை 1891-இல் உருவாக்கினார். அதே ஆண்டு, பாரிசிலிருந்து பிரெஸ்ட் சென்று திரும்பும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் மிதிவண்டிப் போட்டியில், அந்த டயர்களைப் பூட்டி ஓட்டிய சார்லஸ் தெரோன் வென்றார். மறுஆண்டு பாரிசிலிருந்து கிளெர்மோன்-பெராண் வரை தாமே ஒரு போட்டி நடத்திய மிஷெலின் சகோதரர்கள், எத்தனை விரைவில் பஞ்சர் ஒட்ட முடிகிறது என்பதைக் காட்டுவதற்காகச் சாலையில் வேண்டுமென்றே ஆணிகளைத் தூவச் செய்தனர். விளம்பரத்திற்காக ஆணி தூவிய முதல் மனிதர்கள் அவர்களாக இருக்கலாம். நல்ல பொருளுக்கும் இப்படியொரு விளம்பரமா என்று கேட்கத் தோன்றுகிறது.

டயர் பெருகப் பெருக ரப்பரின் தேவை பெருகியது. 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் காடுகளிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். முளைத்தவை சிலவே. அந்நாற்றுகள் இலங்கைக்கும், பின் சிங்கப்பூருக்கும் கப்பலேறின. மலாயாவிலும் இலங்கையிலும் காடுகள் திருத்தப்பட்டுத் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் மரங்களைச் சீவிப் பால் எடுத்தவர்களுள் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்ட தமிழர்கள். வெயில் ஏறினால் பால் வரத்துக் குறையும் என்பதால் விடியுமுன் இருட்டிலேயே அவர்கள் வேலைக்குச் சென்றனர். பட்டையை ஆழமாக வெட்டினால் மரம் புண்படும். மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. சீவும் கையின் அளவு பிசகாமை ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான மரங்களில் வேண்டப்பட்டது. மலேசியத் தமிழர் அதனை இன்றும் 'பால்மரம் வெட்டுதல்' என்று சொல்வர். உலகின் மோட்டார் வண்டிகள் எந்தக் காற்றின்மேல் ஓடினவோ, அந்தக் காற்றைப் பிடித்து வைத்த ரப்பரில் பிறந்த மண்ணை விட்டுச் சென்றவர்களின் விடியற்காலைகள் கலந்திருந்தன. இன்று மதுரைக்கு அருகே வெள்ளரிப்பட்டியில் இருசக்கர வண்டிகளுக்கான டயர் ஆலை ஒன்று இயங்குகிறது. ஜே.சி. சாலையில் வாங்கும் டயர், அதை வாங்குபவரைப் போலவே, தமிழ்நாட்டிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

மதுரை என்றதும் மற்றொரு செய்தியும் நினைவுக்கு வரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காருக்குப் பெருந்தொல்லை தந்தவை மாட்டு லாட ஆணிகள். சாலையெங்கும் மாட்டு வண்டிகள் ஓடிய காலம் அது. மாட்டின் குளம்பில் அடித்த லாடம் தேய, அதன் ஆணிகள் வழியெல்லாம் உதிரும். பேருந்தின் டயர்களை அவை பதம் பார்க்கும். காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைப் பேருந்துகளுக்கு முன்னே ஓடச் செய்து, அந்த ஆணிகளைப் பொறுக்கியெடுக்க அவர் ஏற்பாடு செய்தார் என்று கூறுவர்.

நூறாண்டுகள் கழித்து அதே காந்தம் பெங்களூருவின் வெளிவட்டச் சாலைக்கு வந்தது. இம்முறை மாடுகள் இல்லை. ஆணிகள் மட்டும் இருந்தன. அச்சாலை வழியே அலுவலகம் சென்றுவந்த பெனடிக்ட் ஜெபகுமார் என்ற பொறியாளரின் வண்டி 2012-ஆம் ஆண்டில் அடுத்தடுத்துப் பஞ்சரானது. ஒவ்வொரு முறையும் குத்தியவை ஒரே வகை ஆணிகள் என்பதை அவர் கவனித்தார். வேறொருவராயின் வேறு வழியில் போயிருப்பார். அவர் சாலையோரம் வண்டியை நிறுத்தி, குனிந்து ஆணிகளைப் பொறுக்கத் தொடங்கினார். முதலில் கையால், பின்னர்க் கோலின் முனையில் காந்தம் கட்டி. அலுவலகம் செல்லும் வழியிலேயே நாள் தவறாமல் பொறுக்கி, எடை போட்டு, படம் எடுத்து, சமூக ஊடகத்தில் பதிவு செய்தார். காவல் துறைக்கும் தெரிவித்தார். சில ஆண்டுகளில் அவர் சேர்த்த ஆணிகளின் எடை 30 கிலோவைக் கடந்தது. ஓர் ஆணி 3 கிராம் எனக் கொண்டால் 30 கிலோவுக்கு 10,000 ஆணிகள். 10,000 முறை குனிந்து நிமிர்தல் என்றும் கொள்ளலாம், காந்தம் சற்றுக் குறைத்திருக்கும்.

ஆணிகளை வேண்டுமென்றே போடுவோர் பஞ்சர் கடைக்காரர்களே என்ற ஐயம் நகரில் பரவியது. அப்படிச் செய்தோர் சிலர் இருந்திருக்கலாம். ஆனால் சிலரின் செயலுக்காக அத்தொழில் முழுவதும் பழி சுமந்தது. ஒரு சாலையில் ஆணி கிடந்ததென்றால், மறுசாலையில் பம்போடு அமர்ந்திருப்பவரையும் வாடிக்கையாளர் சந்தேகக் கண்ணோடு நோக்கினார். அக்கடைகளில் இருப்போரும் பெரும்பாலும் வேற்றூரிலிருந்து பிழைக்க வந்தவர்களே. கேரளத்திலிருந்து வந்து தலைமுறையாக இத்தொழில் செய்வோர் உண்டு. அண்மைக்காலமாக வடமாநிலங்களிலிருந்து வரும் இளைஞர்களும் உண்டு. வந்தேறியவர்களுள் ஒருவர் தவறு செய்தால் அனைவரும் விடை சொல்ல வேண்டியிருக்கும் நிலையை, இந்நகரில் வேறு பலரும் அறிவர். ஜெபகுமார் செய்த செயலில் பாராட்டத்தக்கது ஆணி பொறுக்கியது மட்டும் அன்று. யார் போட்டார் என்ற கேள்விக்கு விடை வரும் வரை காத்திராமல், கிடப்பதை எடுக்க வேண்டும் என்று அவர் தொடங்கியது அதைவிடப் பெரிது.

அல்சூர்த் தந்தை இப்போதெல்லாம் டயர் மாற்றக் கடைக்கே செல்கிறார் என்று எண்ணிவிட வேண்டா. முன்சக்கர டயரை அவர் வீட்டிலேயே மாற்றினார். மகள் கழற்றிய உறுப்புகளைத் தண்டில் கோத்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டுத் தாளில் எழுதிக்கொண்டாள். பாட்டி துளசி மாடத்தை முன்கூட்டியே இடம் மாற்றிவிட்டார். பஞ்சர் என்றால் மட்டும் தெருமுனைக் கடைதான்.

அக்கடையில் நீர் நிரம்பிய பழைய இரும்புத் தொட்டி ஒன்று இருக்கும். கடைக்காரர் டியூபைச் சிறிது சிறிதாக நீரில் அமிழ்த்தி, இரு கட்டைவிரல்களாலும் அழுத்திக்கொண்டே நகர்த்துவார். காத்திருப்போர் அனைவரும், தமக்குத் தொடர்பில்லாத டியூபாயினும், குனிந்து அந்த நீரையே பார்ப்பர். ஒரு மூலையில் குமிழி எழும். "அதோ!" என்று யாரேனும் ஒரு பிள்ளை கூவும், அப்பிள்ளைக்குத்தான் முதலில் தெரியும். ஓட்டையைச் சுற்றி நீலப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு, கடைக்காரர் டியூபை வைத்துவிட்டு டயரை எடுப்பார். உள்ளங்கையை அதன் உட்புறம் நுழைத்து மெல்லத் தடவிப் பார்ப்பார். குத்திய ஆணி இன்னும் உள்ளே இருந்தால் ஒட்டிய ஒட்டு ஒரு தெரு தாண்டாது. விரல் ஓரிடத்தில் நிற்கும். குறடால் இழுத்து எடுத்த ஆணியை வண்டிக்காரரின் கையில் வைப்பார். பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவுகூட இராத அந்த இரும்புத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பின், அதைச் சாலையில் எறியாமல் கடையின் ஓரத்திலிருக்கும் தகர டப்பாவில் போடுவோரும் உளர். அதில் ஏற்கெனவே பாதியளவு நிரம்பியிருக்கும்.